இணைப்பு அறுந்த நேரங்களின் பதிவேடு

அந்த நாற்காலி வேண்டாம் அம்மா, அதற்கு ஒரு கால் ஆடுகிறது. இதில் அமருங்கள். போன வாய்தாவின்போது ஒரு பெரியவர் அதில் அமர்ந்து சாய்ந்துவிட்டார். அன்றே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். இன்றும் அப்படியே கிடக்கிறது.

இந்த நுகர்வோர் ஆணையத்துக்கு நீங்கள் எதற்காக வந்திருக்கிறீர்கள்? கிரைண்டரா? ஓடவில்லையா, ஓடி நின்றுவிடுகிறதா? ஓ, கல் சுற்றுகிறது, மாவு மட்டும் அரைபடவில்லை. நல்லது. நல்லது என்றால், குறை தெளிவாக இருக்கிறது என்று பொருள். தவறாக எண்ண வேண்டாம். உங்கள் வழக்கு எளிது. கல்லைக் காட்டலாம், திப்பித் திப்பியாக இருக்கும் மாவைக் காட்டலாம். என் வழக்கில் கையில் எடுத்துக் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. இல்லாமல் போன ஒன்றை இல்லாமல் போயிற்று என்று நான் நிறுவ வேண்டும்.

அதற்குத்தான் இந்த நீல அட்டை நோட்டு. வாங்கிப் பாருங்கள், தயங்க வேண்டாம். நாள், அறுந்த நேரம், மீண்ட நேரம், இடையில் கழிந்த நிமிடம், குறிப்பு. ஐந்து பத்திகள். அடித்தல் திருத்தல் ஓர் இடத்திலும் கிடையாது. மொத்தம் இருநூற்றுப் பதினேழு பதிவுகள்.

என்ன அறுந்தது என்று கேட்கிறீர்கள். பின்னால் சொல்ல வேண்டியதை முன்னால் சொல்லிவிட்டேன். வகுப்பில் ஒரு மாணவன் இப்படிச் சொல்லியிருந்தால் அமர்ந்துவிட்டு மறுபடி எழுந்து சொல் என்றிருப்பேன். நானும் மறுபடி சொல்கிறேன். நம் வரிசை எண் வர எப்படியும் நேரம் ஆகும்.

என் பெயர் பொன்னம்பலவாணன். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றேன். இப்போது ஓய்வுபெற்ற ஆசிரியர் நலச் சங்கத்தின் வட்டச் செயலாளர். மனைவி காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள், வான்மதி. சென்ற தை மாதம் அவள் புகுந்த வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கினாள். இடக் கையில் மாவுக்கட்டு. படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னாள். அவளுடைய கைபேசியும் திரை நொறுங்கி, விசைகூட வேலை செய்யாமல் இருந்தது. அதுவும் விழுந்துவிட்டதாகச் சொன்னாள். கையும் கைபேசியும் ஒரே நாளில் விழுந்திருக்கின்றன. நான் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. “இனிமே அங்க என்னால இருக்க முடியாதுப்பா, அவரு…” என்று தொடங்கினாள், முடிக்கவில்லை. பாதி வாக்கியத்திற்கு நான் எப்படி விடை சொல்வது? முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் குளிக்கப் போய்விட்டாள்.

மாப்பிள்ளைக்கு இரும்புக் கடை. குடிப்பழக்கம் கிடையாது. சற்றுக் கோபக்காரர் என்று கேள்வி. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

மாசி மாதம் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. வெளியூரில் உள்ள பெரிய மருத்துவமனை ஒன்றின் முன்பதிவுப் பிரிவு. ஊர் ஊராக நோயாளிகள் அந்த எண்ணுக்கு அழைப்பார்கள். அந்த அழைப்பு இணையத்தின் வழியாக இவளுடைய மடிக்கணினிக்கு வரும். இவள் காதில் மாட்டிக்கொண்டு, எந்த மருத்துவர், எந்த நாள், எத்தனை மணி என்று பதிவு செய்து கொடுப்பாள். வீட்டிலிருந்தே செய்யலாம். மடிக்கணினியை அவர்களே அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் தகுதிகாண் காலம். அதைத் தாண்டிவிட்டால் வேலை நிலையாகும். அந்த ஊரிலேயே பெண்களுக்கான விடுதியில் இடமும் தருவார்கள். “அது மட்டும் ஆயிடுச்சுன்னா நான் யார் கிட்டயும் போய் நிக்க வேண்டாம்ப்பா” என்றாள். அவள் வந்த பிறகு முழுமையாகச் சொன்ன முதல் வாக்கியம் அது என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுபடக் கூடாது. அறுந்தால் அவர்களுடைய கணினியில் சிவப்பாகப் பதிவாகிவிடும்.

எங்கள் வீடு ஆசிரியர் குடியிருப்பில் இருக்கிறது, ஏரிக்கரைக்கு அப்பால். கேபிள்காரர் வந்து பார்த்துவிட்டு, உங்கள் ஒரு வீட்டுக்காக ஆறு கம்பம் நட முடியாது என்று போய்விட்டார். அந்தப் பக்கம் ஒரே ஒரு நிறுவனத்தின் அலைதான் எட்டும். நிறுவனத்தின் பெயரை நான் உச்சரிப்பதில்லை. வழக்கு நடப்பில் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் சிம் என் கைபேசியில் இருக்கிறது. ஆக, என் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதிலிருந்து அவள் மடிக்கணினிக்கு இணையம் கொடுப்பது என்று முடிவாயிற்று. அதற்கு நல்ல தமிழ்ச் சொல் உண்டு. ஆனால் கடையில் போய்ச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. ஆதலால் ஹாட்ஸ்பாட் என்றே சொல்கிறேன்.

முதல் நாளே பதினொரு மணிக்குள் மூன்று முறை அறுந்தது.

“அப்பா, நெட் போச்சு!” என்று உள்ளே இருந்து குரல் வரும். நான் கூடத்தில் இருப்பேன். கைபேசியைப் பார்ப்பேன். அலைக் கோடுகள் முழுமையாக இருக்கும். ஹாட்ஸ்பாட் எரிந்துகொண்டுதான் இருக்கும். இணையம் மட்டும் இல்லை. சில நிமிடங்களில் தானே வந்துவிடும். அதற்குள் மறுமுனையில் இருந்தவர் போயிருப்பார். “டயாலிசிஸுக்கு நேரம் கேட்டாங்கப்பா ஒரு அம்மா. பேரு சொல்லிட்டு ஊரு சொல்லும்போது கட் ஆயிடுச்சு. நான்தான் வச்சிட்டேன்னு நெனச்சிருப்பாங்க” என்பாள். சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்துக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டிருப்பாள்.

நான் சும்மா இருக்கவில்லை அம்மா. எதையும் முறையாகச் செய்து பழகியவன். கைபேசியை அணைத்துப் போட்டேன். விமானப் பயன்முறைக்கு மாற்றித் திரும்ப மாற்றினேன். மின்கலத்தைச் சேமிக்கும் வசதியை நிறுத்தினேன். யாரும் பயன்படுத்தாவிட்டால் ஹாட்ஸ்பாட் தானே அணையும் என்று ஓர் அமைப்பு உண்டு, அதையும் நீக்கினேன். நெட்வொர்க் அமைப்புகள் முழுவதையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். கைபேசியை மேற்கு ஜன்னல் கம்பியில் துணிப்பை கட்டித் தொங்கவிட்டேன். கிழக்கு ஜன்னலில் தொங்கவிட்டேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மீது குடை பிடித்து வைத்துப் பார்த்தேன். அக்கம்பக்கத்தார் திருடுகிறார்களோ என்று ஐயம் வந்தது. நாள்தோறும் காலையில் கடவுச்சொல்லை மாற்றினேன். வான்மதி எட்டரை மணிக்குத் தலை சீவிக்கொண்டே வந்து, “இன்னைக்கு என்னப்பா பாஸ்வேர்டு?” என்று கேட்பாள். சில நாள் நான் பூசையில் இருப்பேன். காத்திருப்பாள். பொறுமைசாலி.

நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்தேன். ஒருமுறை இருமுறை அல்ல, முப்பத்தொரு முறை. ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் இசை போடுவார்கள். நான் விடமாட்டேன். ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்: நான் புகார் கூறிக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் காதில் விழும்படியே, இணைப்பு அறும்! “இதோ, இப்போதும் அறுந்துவிட்டது, என் மகள் உள்ளே இருந்து கூவுவது உங்களுக்குக் கேட்கிறதா?” என்பேன். “உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம் சார்” என்பார்கள். இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

எந்தக் கைபேசியிலிருந்து அழைத்தேனா? இதிலிருந்துதான். என்னிடம் இருப்பது ஒன்றே. ஆனால் முதல் சிம்மிலிருந்து அழைக்கவில்லை. அதில் இணையம் ஓடுகிறது அல்லவா, அதைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இரண்டாவது சிம்மிலிருந்துதான் அழைத்தேன். அந்த அளவுக்கு நான் கவனமாக இருந்தேன்.

இரண்டாவது சிம் சங்கத்தினுடையது. உதவி எண். உறுப்பினர்கள் முந்நூற்று எண்பது பேரின் அடையாள அட்டையிலும் அச்சிட்டிருக்கிறோம். உயிர்வாழ் சான்று, மருத்துவக் காப்பீட்டு அட்டை, குடும்ப ஓய்வூதியம் என்று நாள் முழுவதும் அழைப்பார்கள். ஒருவரையும் காக்க வைத்ததில்லை. மணி மூன்று முறை அடிப்பதற்குள் எடுத்துவிடுவேன். சவரிமுத்து என்று ஒரு தலைமையாசிரியர், வயது எண்பத்து நான்கு. ஞாயிறு தவிர அன்றாடம் பதினொரு மணிக்கு அழைப்பார். “செயலாளரய்யா, சவரிமுத்து பேசுறேன். இன்னைக்கும் இருக்கேன். எழுதிக்கிட்டீங்களா?” என்பார். எழுதிக்கொண்டேன் என்பேன். பிறகு அரைமணி நேரம் பேசுவார். அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஊரில் பேருந்து நிலையத்திற்கு எதிரே கைபேசி பழுது பார்க்கும் ரெஜினாவிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். என்னிடம் படித்தவள்தான். இப்போது கடை முதலாளி, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். கைபேசியைத் திறக்கக்கூட இல்லை. கையில் வாங்கிப் பார்த்தாள், சிரித்தாள்.

“சார், இதுல ரெண்டு சிம் போட்டிருக்கீங்க. ஆனா உள்ள பாதை ஒண்ணுதான். ரெண்டாவது சிம்ல நீங்க பேசினா மொதல் சிம்ல நெட்டு நின்னுடும். பேசி முடிச்சா வந்துடும். இந்த மாடல் அப்படித்தான் சார். போன் மேலயும் தப்பில்ல, கம்பெனி மேலயும் தப்பில்ல.”

“அப்படியானால் எதற்கு இரண்டு சிம் போட இடம் வைத்தான்?” என்று கேட்டேன்.

“அது அவனத்தான் சார் கேக்கணும். சங்கத்து சிம்மைக் கழட்டி ஒரு பட்டன் போன்ல போட்டுக்குங்க, முடிஞ்சுது. எங்கிட்டயே பழசு ஒண்ணு சும்மா கெடக்கு. எடுத்துட்டுப் போங்க சார், காசெல்லாம் வேண்டாம்.”

பத்தாம் வகுப்பில் தமிழில் நாற்பத்தொரு மதிப்பெண் வாங்கியவள். எனக்குப் பாதை ஒன்று, சிம் இரண்டு என்று பாடம் நடத்துகிறாள். இலவசமாக எதையும் வாங்கிப் பழக்கமில்லை அம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இதில் வேறொரு சிக்கலும் இருந்தது. எனக்கு முன்னால் செயலாளராக இருந்தவர் அரங்கசாமி. அவர் எங்கே போனாலும் இரண்டு கைபேசி. சட்டைப் பையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. இதில் பேசிக்கொண்டே அதை எடுத்துப் பார்ப்பார். பொதுக்குழுவில் நான் எழுந்து கேட்டேன்: “செயலாளர் அவர்களுக்குக் காது இரண்டு இருப்பதால் கைபேசியும் இரண்டு வேண்டுமோ? கண்ணும் இரண்டுதானே, மூக்குத்துளையும் இரண்டுதானே?” மண்டபமே சிரித்தது. மனிதர் முகம் செத்துப்போயிற்று. அந்தத் தேர்தலில் பன்னிரண்டு வாக்கு வித்தியாசத்தில் நான் வென்றேன். அப்படி வென்றவன், ஓராண்டுக்குள் இரண்டு கைபேசியோடு போய் நின்றால் அரங்கசாமி என்ன சொல்வார்? எழுந்துகூட நிற்க வேண்டாம். அமர்ந்த இடத்திலிருந்து சிரித்தால் போதும்.

வான்மதியிடமும் ரெஜினா சொன்னதையும் இந்தச் சிக்கலையும் சொன்னேன். “கழட்ட வேண்டாம்ப்பா, நான் வேலை பாக்குற நேரத்துல மட்டும் பேசாம இருங்க. நீங்க பேசும்போதுதான் போகுது. நான் பாத்துட்டேன்” என்றாள். மகள் சொல்கிறாள் என்பதற்காக ஒன்றை உண்மை என்று ஏற்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. சோதித்தேன். சங்கத்தின் அழைப்புப் பதிவேடு ஒன்றும் என்னிடம் இருக்கிறது, இதோ, இந்தச் சிவப்பு அட்டை. நீல நோட்டையும் சிவப்பு நோட்டையும் அருகருகே வைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டேன். ஒரு முழுப் பகல் ஆயிற்று.

பொருந்தத்தான் செய்தது. அதை மறைக்க மாட்டேன். கடைசிப் பதிவையும் சேர்த்துச் சொன்னால், இருநூற்றுப் பதினேழில் இருநூற்றுப் பதினான்கு பொருந்தியது. மூன்று பொருந்தவில்லை! அந்த மூன்று முறையும் நான் யாரோடும் பேசவே இல்லை; குளித்துக்கொண்டிருந்தேன். கைபேசி மணி அடித்து ஓய்ந்திருந்தது, அவ்வளவுதான். மூன்று இடத்தில் பொய்க்கும் ஒன்றை விதி என்று எப்படி ஏற்பது? மேலும் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். அவளுக்கு ஞாயிறும் பணி உண்டு. மூன்று மாதத்தில் ஒரு ஞாயிறுகூட அறுந்ததில்லை. சங்கத்திற்கு அன்று விடுமுறை. நானும் ஓய்வாக அருகிலேயே அமர்ந்து கண்காணித்தேன். ஒருமுறைகூட இல்லை. என்ன பொருள்? வேலை நாளில் நிறுவனத்திற்கு வாடிக்கையாளர் நெரிசல். எங்களைப் போன்ற ஓரத்து வீடுகளை வெட்டிவிடுகிறான். மனுவில் ஆறாம் பத்தி முழுக்க இதுதான்.

என்ன அம்மா, மூன்றுதானா என்கிறீர்களா? ஆம், மூன்றுதான். ஆனால் மூன்றும் மூன்றுதானே.

சரி. வைகாசியில் தகுதிகாண் காலத்தின் கடைசி வாரம். ஏற்கெனவே இருமுறை எச்சரிக்கை வந்திருந்தது. புதன்கிழமை காலை பத்து முதல் பதினொன்று வரை மேற்பார்வையாளர் ஒருவர் அவளுடைய அழைப்புகளை அங்கிருந்தே உடன் கேட்பார், அதை வைத்துத்தான் முடிவு என்று மின்னஞ்சல் வந்தது. முதல் நாள் அவள் என் எதிரில் வந்து அமர்ந்தாள்.

“அப்பா, ஒரே ஒரு மணி நேரம். சங்கத்து சிம்மை மட்டும் செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணி வச்சிடறேன். பதினோரு மணிக்கு நானே ஆன் பண்ணித் தரேன்.”

“அணைத்தால், அழைப்பவருக்கு ‘தொடர்புகொள்ள இயலவில்லை’ என்று குரல் ஒலிக்கும். வயதானவர்கள். செயலாளருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறுவார்கள். அணைக்க வேண்டாம். நான் எடுக்க மாட்டேன். வாக்குக் கொடுக்கிறேன்.”

“எடுக்க மாட்டீங்கல்ல?”

“நான் வாக்குத் தவறியிருக்கிறேனா?”

“சரிப்பா” என்றாள்.

புதன்கிழமை. பத்து மணிக்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் அமர்ந்தேன். உள்ளே அவள் பேசுவது கேட்டது. “வணக்கம், சொல்லுங்கம்மா… எந்த ஊர்லேர்ந்து பேசறீங்க… பயப்படாதீங்க, நான் பாத்து சொல்றேன்.” தெளிவான உச்சரிப்பு. எனக்குப் பெருமையாக இருந்தது. பத்து இருபதுக்கு மணி அடித்தது. பொருளாளர் கோமதிநாயகம். நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. மூன்றாம் முறை. எடுக்கவில்லை அம்மா! நான்காம் முறை அடித்தபோது யோசித்தேன். இவர் இப்படி விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆவது? ஒருமுறை எடுத்து, இப்போது அழைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டால் தொல்லை தீர்ந்தது. அதற்காகத்தான் எடுத்தேன். பேசுவதற்கு அல்ல.

“ஐயா, நான் இப்போது பேச இயலாது” என்றேன். “என்னாச்சு செயலாளர், ஒடம்பு சரியில்லியா?” என்றார். அப்படியே வைத்துவிட்டால் மரியாதை அல்லவே. என் மகளுக்கு இன்று முக்கியமான நாள் என்பதையும், இந்த ஒரு மணி நேரம் இணையம் அறுபடவே கூடாது என்பதையும், அது ஏன் அறுகிறது என்பது பற்றி இருவேறு கருத்துகள் நிலவுவதையும், ரெஜினா சொன்னதையும், அதற்கு என் மறுப்பையும் முறையாக எடுத்துச் சொன்னேன். அவரும் ஆர்வமாகக் கேட்டார். “அதுக்குத்தான் அரங்கசாமி ரெண்டு வச்சிருந்தாரு போல” என்றார். அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. மொத்தம் பதினொரு நிமிடம்.

கதவு திறந்தது. அவள் நிலைப்படியில் நின்றாள். காதில் மாட்டுவதைக் கழற்றிக் கழுத்தில் போட்டிருந்தாள். இந்த முறை கூவவில்லை. கைபேசி என் காதில் இருந்ததைப் பார்த்தாள். நான் கையைக் காட்டி, இதோ முடித்துவிட்டேன் என்று குறிப்பால் சொன்னேன். அவள் திரும்பிச் சமையலறைக்குப் போய், ஒரு சொம்பு தண்ணீர் எடுத்து நின்றபடியே குடித்தாள். உலை வைத்தாள். பத்து நாற்பதுக்குச் சோறு வடிக்கும் வீடு அல்ல அது.

பதிவு எண் இருநூற்றுப் பதினேழு. பத்து இருபத்து நான்கு முதல் பத்து முப்பத்தைந்து வரை. பார்த்தீர்களா, அதுதான் கடைசி.

வேலை போயிற்று. மடிக்கணினியைத் துடைத்து, வந்த பெட்டியிலேயே வைத்துத் திருப்பி அனுப்பினாள். அழுதாளா என்று கேட்பீர்கள். நான் பார்த்தவரை இல்லை. எனக்குத்தான் ஆறவில்லை. உட்கார்ந்து மனு எழுதினேன். பதினான்கு பக்கம். எழுதி முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். “நல்லா இருக்குப்பா” என்றாள்.

பத்து நாள் கழித்து, “போனைக் குடுங்கப்பா” என்று வாங்கி, மாப்பிள்ளைக்கு அவளே அழைத்தாள். மறுநாளே கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். காப்பி கொடுத்தேன். “மாமா, உங்க ஏரியாவுல டவரே சரியில்ல. இங்க உக்காந்து இவ என்ன வேலை பாத்துக் கிழிக்கப் போறா?” என்றார். அந்த ஒரு பொருளில் அவருக்கும் எனக்கும் கருத்து வேற்றுமையே இல்லை. மனுவின் படி ஒன்றை அவருக்கும் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவள் பையைத் தானே தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தாள். மாவுக்கட்டு பிரித்த கை. இன்னும் முழுதாக நீளாது. “என்னடி அசமந்தமா நடக்கிற?” என்றார். வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பார்.

ஏறுவதற்கு முன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: “அப்பா, எனக்குப் போன் வாங்கித் தர மாட்டாரு. பத்தரைக்கு அவரு கடைக்குக் கெளம்பினப்புறம் பக்கத்து வீட்டு அக்கா போன்லேர்ந்து உங்க நம்பருக்குக் கூப்பிடுவேன். நீங்க திருப்பிக் கூப்பிடாதீங்க. அவரு அங்க நிக்கிற நேரமா இருந்தா வம்பாயிடும். நான் கூப்பிடறப்ப மட்டும் எடுத்துடுங்க.” நான் எப்போது எடுக்காமல் இருந்தேன் என்று கேட்டேன்.

ஒரு நொடி அம்மா, மன்னிக்க வேண்டும், சங்கத்து எண் அடிக்கிறது.

வணக்கம், செயலாளர் பேசுகிறேன்… ஆம் ஐயா… இல்லை ஐயா, காப்பீட்டு அட்டையில் மனைவி பெயர் பிழையாக இருந்தால் அதற்குத் தனிப் படிவம்… முதலெழுத்து விட்டுப்போயிற்றா? அதற்கும் அதே படிவம்தான்… இல்லை இல்லை, கருவூலத்திற்கு நீங்கள் போக வேண்டாம், சங்கத்தின் வழியாகவே அனுப்பலாம்… நானா? நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறேன்… ஆம், அதே வழக்குதான். அது என்னவென்றால் ஐயா… ஆமாம், நிறுவனம்தான் காரணம், ஐயமே இல்லை… எங்கள் பக்கம் மட்டும் அல்ல, உங்கள் பக்கமும் அப்படித்தானா? பார்த்தீர்களா! அதை ஒரு கடிதமாக எழுதித் தர முடியுமா, சான்றாக இணைத்துக்கொள்கிறேன்… கையெழுத்தும் நாளும் மறக்காமல்… மிக்க நன்றி. வணக்கம்.

மன்னிக்க வேண்டும். நல்ல மனிதர். ஒரு முதலெழுத்துக்காக ஆறு மாதமாக அலைகிறார்.

இது என்ன, செய்தி வந்த ஒலியா? ஒன்று, இரண்டு… கண்ணாடியை மாட்டிக்கொள்கிறேன். ‘உங்களுக்கு வந்த அழைப்பைத் தவறவிட்டீர்கள்.’ என் சொந்த எண்ணுக்கு. பத்து நாற்பத்தொன்று. பத்து நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு. நாற்பத்தேழு. நான்கு முறை. எண்… ஆம், பக்கத்து வீட்டு அம்மாளின் எண்தான். போன வாரம் ஒருமுறை இதிலிருந்துதான் பேசினாள். அன்று இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை; ‘வச்சிடறேன்ப்பா, வண்டிச் சத்தம் கேக்குது’ என்று வைத்துவிட்டாள்.

ஆனால் பாருங்கள் அம்மா, மணியே அடிக்கவில்லையே! நீங்களும் அருகில்தான் இருந்தீர்கள். அடித்ததா? இல்லை அல்லவா? கைபேசி என் கையிலேயே, என் காதிலேயே இருந்தது. நான்கு அழைப்பு வந்திருக்கிறது, ஒன்றும் என்னை எட்டவில்லை. இணையம் மட்டும் அல்ல, அழைப்பையும் வெட்டுகிறான். இது புதிது. இது மனுவில் இல்லை.

திரும்ப அழைக்கவா? அழைக்கக் கூடாது என்று அவளே சொல்லியிருக்கிறாளே. இப்போது மணி பத்து ஐம்பது. அவர் வீட்டில் இருக்கிறாரோ இல்லையோ. வேண்டாம். மறுபடி அழைப்பாள். ஆறு நிமிடத்தில் நான்கு முறை அழைத்தவள் ஐந்தாம் முறை அழைக்க மாட்டாளா? இவ்வளவு அவசரப்பட்டு அவள் ஒருநாளும் அழைத்ததில்லை என்பது உண்மைதான். முதலில் நேரத்தைக் குறித்துவிடுகிறேன், மறந்துபோகும். உங்களிடம் பேனா இருக்கிறதா? நன்றி. பதிவு எண் இருநூற்றுப் பதினெட்டு. இல்லை, நான்கு அழைப்பு, நான்கு பதிவு. இருநூற்றுப் பதினெட்டு முதல் இருநூற்று இருபத்தொன்று வரை. குறிப்பு: ‘மகள். மணி அடிக்கவில்லை.’ சாட்சியாக உங்கள் பெயரையும் எழுதிக்கொள்ளட்டுமா? ஏன் அம்மா, கண் கலங்குகிறீர்கள்? உங்களுக்கும் பெண் இருக்கிறாளா?

இதோ, என் வரிசை எண்ணைத்தான் கூப்பிடுகிறார்கள். வருகிறேன் ஐயா, வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள், நோட்டுகளை எடுத்துக்கொள்கிறேன். நீலம், சிவப்பு, மனு. சரி.

என்ன சொன்னீர்கள் அம்மா? கைபேசியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகவா? அழைத்தால் நீங்கள் எடுத்துப் பேசுவீர்களா? உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் ஒருவருடைய அழைப்பை இன்னொருவர் எடுப்பது முறையாகாது. அவளும் குரல் மாறினால் பதறிவிடுவாள்.

என்ன ஐயா? உள்ளே வரும்போது அணைத்துவிட வேண்டுமா? முழுவதுமாகவா? அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்களா, எங்கே… ஆம், ஒட்டியிருக்கிறது. நியாயம்தான். எல்லோருக்கும் உள்ள விதி எனக்கும் உண்டு.

இதோ, அணைத்துவிட்டேன்.